ஈயம் இல்லாத பை

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் குப்பைப் பையைக் கொட்டிப் பிரிப்பது நொலீனின் வேலை. துணி துவைக்கிற அறையில், மெஷின் மூடியின் மேல் பழைய செய்தித்தாளை விரித்து, கிளெம் இடுப்பில் கட்டிக்கொண்டு போகிற கான்வாஸ் பையை அதில் கவிழ்ப்பாள். தங்கம் தேடப் போகிற புருஷன் வீட்டுக்குக் கொண்டு வருவது பெரும்பாலும் தங்கமாக இருப்பதில்லை. துருப்பிடித்த ஆணி, குதிரை லாடத்தில் பாதி, மீன் டப்பாவின் மூடி, அந்தக் காலத்துச் சுரங்கக்காரன் எவனுடைய பூட்ஸிலிருந்தோ உதிர்ந்த கொண்டையாணி. தோண்டி எடுத்ததைக் காட்டிலேயே விட்டு வரக் கூடாது என்பது, மண்ணுக்கடியில் உலோகம் தேடுகிற மெஷினோடு அலையும் டிடெக்டர்காரர்களின் ஒழுங்கு. விட்டு வந்தால் அடுத்த முறை அதே ஆணி மறுபடி கூப்பிட்டு முதுகை ஒடிக்கும். பிரித்ததில் இரும்பு வாளிக்குப் போகும். ஈயம் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குப் போகும். டப்பா நிறைந்ததும் கிளெமின் கூட்டாளி பாஸ்கோ வந்து வாங்கிப் போய், உருக்கி, தூண்டிலுக்குக் குண்டு வார்த்துக்கொள்வான்.

அன்றைக்கு எல்லாவற்றையும் பிரித்து முடித்த பிறகும் ஈய டப்பாவில் போட ஒன்றுமில்லை. போன வாரமும் இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அதற்கு முந்தின வாரம்? டப்பாவை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். அடியில் குட்டிச் சிலந்தி ஒன்று வலை கட்டிக் குடியேறியிருந்தது.

அவள் டப்பாவை வைத்துவிட்டு மண் கையைத் துடைத்துக்கொண்டாள்.

அவர்கள் ஊரான டனோலியைச் சுற்றியுள்ள காடு முழுக்க முயல் சுட்டவர்கள் இறைத்த ஈயக் குண்டுதான். மிளகளவு, கடுகளவு. டிடெக்டர் மெஷினுக்கு ஈயமும் சின்னத் தங்கமும் ஒரே குரலில் பேசும்: காதோரம் கொசு பறந்து போகிற மாதிரி மெல்லிசாக ஒரு கீச்சு. முனகிக்கொண்டே இருக்கிற ஹெட்போனில் அந்தக் கீச்சைப் பிடிக்கிறவன் குனிந்து தோண்டினால் பத்துக்கு ஒன்பது தடவை ஈயம் வரும். பத்தாவது தடவைக்காகத்தான் இத்தனை பாடும். இரும்பு அப்படியல்ல, அது உறுமும். செவிடன்கூட அதைக் கேட்டுவிடுவான்.

கிளெமின் பையில் முழுக்க முழுக்க இரும்பு.

நொலீன் அந்த ஊர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் பாதி ஆயுசைக் கழித்தவள். பல் போன கிழவர்களுக்குப் பூசணியையும் ஆட்டுக்கறியையும் மசித்து மசித்து, கடைசியில் எவர் எதை எப்போது விழுங்க மாட்டாமல் போவார் என்பதை அவர்களுக்கு முன்னால் தெரிந்துகொள்கிற பழக்கம் வந்துவிட்டது. நல்ல பழக்கம் என்று அதை அவள் நினைத்ததே இல்லை. கிளெம் உள்ளூர் நிர்வாகத்தின் ரோடு சமன்செய்கிற வண்டி ஓட்டினான். மண் ரோடு, மண் ரோடாக, முப்பது வருஷம், காதில் எதையும் மாட்டிக்கொள்ளாமல். முதலில் டெலிபோன் மணி அவனை விட்டுப் போயிற்று. அப்புறம் குருவிகள். அப்புறம் நொலீன். தேவாலயத்தில் மேல் ஸ்தாயி பாடுகிறவள் அவள், குரல் மெல்லிசு. இப்போது அவனிடம் உப்பு வேண்டுமா என்று கேட்பதற்குக்கூட எதிரே போய் நின்று, ஆம்பிளைக் குரலில், அடித்தொண்டையிலிருந்து கேட்க வேண்டியிருந்தது.

"பெண்டிகோவுல காது டாக்டர் இருக்காரு கிளெம். ஒரு நடை போயிட்டு வந்துரலாம்."

"காதுக்கு ஒண்ணுமில்ல. நீதான் வாய்க்குள்ளயே பேசுற."

"நானா? கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்ட குரலு இது."

"என்னது, பஞ்சு?"

"பஞ்சுதான். உன் காதுல இருக்கு."

இதை அவன் சரியாகக் கேட்டுவிட்டான். சிரித்தான். "அந்தக் காதுக் கருவிய மாட்டிக்கிட்டு மெஷின் பக்கத்துல போனா நாய் மாதிரி ஊளையிடும் நொல். போட்டவன் எவனும் தங்கம் எடுத்ததில்ல" என்றான். பேச்சு அதோடு முடிந்தது.

வற்புறுத்த அவளுக்குப் பயம். அந்தப் பயத்துக்கு ஒரு குளிர்காலத்தின் பெயர் உண்டு. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், வேலையிலிருந்து கிளெமை வீட்டுக்கு அனுப்பிய வருஷம் அது. காலையில் எழுந்ததும் கார் ஷெட்டுக்குப் போய், ஒரு டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு, சுவரைப் பார்த்து உட்காருவான். சவரம் கிடையாது. தட்டில் வைத்தது வைத்தபடி இருக்கும். ஒருநாள் மத்தியானம், கடைத்தெருவில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் பாஸ்கோ ஏணி இரவல் கேட்கிற சாக்கில் வந்தான். பள்ளிக்கூட நாளிலிருந்து கிளெமுக்குக் கூட்டாளி. போகும்போது ஏணியோடு ஷெட்டில் மாட்டியிருந்த முயல் துப்பாக்கியையும் தோளில் போட்டுக்கொண்டு போனான். ஏணி திரும்பி வந்தது. துப்பாக்கி இன்று வரை வரவில்லை. மூவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

அடுத்த மாதம் அதே பாஸ்கோ ஒரு பழைய டிடெக்டரைக் கொண்டு வந்து சமையலறை மேஜையில் போட்டான். "கடையில இடத்த அடைச்சுக்கிட்டுக் கெடக்கு. சும்மா ஆட்டிப் பாரு. அந்தப் பழைய செங்கல் சூளைக்குப் பின்னால, மூணாவது மரத்துல இருந்து ஆரம்பி." கிளெம் ஆரம்பித்தான். அன்று சாயங்காலமே, அரிசியளவு தங்கம் ஒன்றை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, பூட்ஸைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்குள் ஓடி வந்தான். நொலீன் அதை ஆஸ்பத்திரி மருந்துக் குப்பி ஒன்றில் போட்டு ஜன்னல் விளிம்பில் வைத்தாள். அப்புறம் எத்தனையோ கிடைத்தது, விற்றார்கள், மகளுக்கு மோதிரம் செய்தார்கள். குப்பி மட்டும் அசையவில்லை. பாத்திரம் கழுவும்போதெல்லாம் அவள் கண் அதில்தான் விழும்.

ஆக, அவனிடம் உனக்குக் காது போய்விட்டது என்று சொல்வது, அந்த டிரம்மை மறுபடி கவிழ்த்துப் போடுவதுதான்.

அடுத்த ஞாயிறு, பாஸ்கோ முதலில் கொடுத்த பழைய மெஷினை அவளும் எடுத்துக்கொண்டாள். முட்டி வலி வந்த பிறகு காரில் உட்கார்ந்து குறுக்கெழுத்துப் போடுகிறவளாகிவிட்டிருந்தாள்.

"என்ன திடீர்னு?"

"குறுக்கெழுத்து போரடிக்குது."

"தள்ளியே இரு. கிட்ட வந்தா ரெண்டு மெஷினும் ஒண்ணையொண்ணு திட்டிக்கும்."

"பதினெட்டு வருஷமா தள்ளித்தானே இருக்கேன்" என்றாள் அவள். அது அவனுக்குக் கேட்கவில்லை.

கிளெமின் வேலை ஒழுங்கானது. இடுப்பு பெல்ட்டில் ஒரு சங்கிலியைக் கட்டித் தரையில் இழுத்துக்கொண்டு நடப்பான். சங்கிலி கிழிக்கிற கோடுதான் கணக்கு: கோட்டுக்கு இந்தப் பக்கம் பார்த்தாயிற்று, அந்தப் பக்கம் இனிமேல். ரோடு போட்டவனுடைய கோடு. கறுத்த பட்டை மரங்களுக்கு நடுவே, செம்மண்ணில், நூல் பிடித்த மாதிரி ஓடும். அவன் மேட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கி மறைந்ததும், நொலீன் அவன் கோட்டின் மேலேயே நடந்தாள்.

முதல் கீச்சு பத்து எட்டுக்குள் வந்தது. ஈயம். அடுத்ததும் ஈயம். சட்டைப்பை கனத்துக்கொண்டே போனது. அவன் பூட்ஸ் தடத்துக்குள்ளேயே ஒன்று கிடைத்தது. அதை மிதித்துக்கொண்டு போயிருக்கிறான். மூன்றாவது கோட்டில், வெள்ளைக்கல் சிதறிக் கிடந்த இடத்தில், கீச்சு கொஞ்சம் நீண்டு வளைந்தது. குந்தாலியால் கொத்திக் கொத்தி ஒரு சாண் ஆழம் போனாள். களிமண்ணைக் கையில் அள்ளி மெஷினின் அடியிலுள்ள வட்டத் தட்டின் மேல் காட்டியபோது அது வீறிட்டது. மொச்சைக் கொட்டையளவு. கனம் கையில் விழுந்ததுமே தங்கம் என்று தெரிந்துவிட்டது.

கூப்பிடத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் ஒரு துண்டு கிடைத்தால் இருவரும் போய்க் குழியின் மேல் நிற்க வேண்டும். அது வழக்கம். 'எங்க, குழியக் காட்டு' என்பான். குழி அவன் கோட்டுக்குள் இருக்கிறது.

அவள் குழியை மூடி, காலால் மிதித்து, மேலே சருகைத் தள்ளினாள். மதியச் சாப்பாட்டுக்கு வந்த கிளெம் கேட்டான்: "ஏதாச்சும்?"

"ஈயம்" என்றாள்.

"எனக்கு அதுகூட இல்ல. மெல்போர்ன்காரனுங்க புது மெஷின வச்சு வழிச்சு எடுத்துட்டானுங்க" என்று சொல்லி, உப்புக்கண்ட சாண்ட்விச்சைப் பாதியில் வைத்தான்.

வீட்டில் அந்தத் துண்டை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. கை மட்டும் அதன் பாட்டுக்கு வேலை செய்தது. கிளெம் எடுப்பான், நொலீன் கழுவுவாள். பதினெட்டு வருஷமாக அதுதான் ஏற்பாடு. புதிதாக மண்ணிலிருந்து வந்த தங்கம் மஞ்சளாக இருக்காது. சந்து பொந்தெல்லாம் கருஞ்சிவப்புத் துரு இறுகிக் கிடக்கும். துரு எடுக்கிற திரவத்தில் ஊறப்போட்டு, பல் தேய்க்கிற பிரஷால் தேய்த்து, ஊசியால் குத்தி, மறுபடி ஊறப்போட்டு, ஒரு வாரமாவது பிடிக்கும். பலசரக்கு அலமாரிக்குப் பின்னால் ஒரு ஜாம் பாட்டிலில் அதையெல்லாம் அவனுக்குத் தெரியாமல் செய்தாள். சுத்தமானதும் பட்டன் டப்பாவில் போட்டு மூடினாள். என்றைக்காவது ஏதாவது ஒரு வழி தோன்றும் என்று நினைத்தாள்.

தோன்றியது. சனிக்கிழமை பப்பில் பாஸ்கோ, கூட்டம் பார்த்து, கிளெமின் முதுகில் தட்டினான்.

"வாங்கய்யா ஆணி வியாபாரி. என் கடைக்குச் சரக்கு எப்ப வரும்?"

எல்லாரும் சிரித்தார்கள். கிளெமுக்கும் சிரிப்பு வந்தது; எதற்கென்று புரியாமல், மற்றவர்கள் வாயைப் பார்த்துச் சிரித்தான். யாரோ ஒருவன் கிளாஸை மேஜையில் தட்டி அதையே உரக்கத் திரும்பச் சொன்னதும் கிளெமின் சிரிப்பு நின்றது.

"போதும் பாஸ்கோ" என்றாள் நொலீன்.

"அட, சும்மா வெளையாட்டுக்கு…"

வீட்டுக்கு வரும் வழியில் கிளெம் சொன்னான்: "மெஷின வித்துரலாம் நொல். புதுசா ஆரம்பிக்கிற எவனாச்சும் வாங்குவான்."

திங்கள் காலையில் அவள் கோழிக்குத் தீனி வைத்துவிட்டுத் திரும்பும்போது ஷெட்டின் கதவு திறந்திருந்தது. கிளெம் உட்கார்ந்திருந்தான். சுவரைப் பார்த்து. டிரம் வேறு டிரம், அவ்வளவுதான்.

புதன்கிழமை, தேவாலயத்தில் பூ வைக்கிற முறை தன்னுடையது என்று சொல்லிவிட்டு, நொலீன் காரை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனாள். கிளெமின் கடைசிக் கோடு எங்கே நின்றதோ, அதற்கு அடுத்து அவன் எங்கே நடப்பான் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். செம்மண்ணைத் தண்ணீரில் குழைத்து, பட்டன் டப்பாவிலிருந்து எடுத்து வந்த தங்கத் துண்டின் சந்துகளில் அப்பினாள். விரலளவு ஆழத்தில் வைத்தாள், மெஷின் அவனுக்கும் கேட்கும்படி உறுமுகிற தூரத்தில். மண்ணை மூடிக் கல்லால் தட்டினாள். வெள்ளிக்கிழமை பெய்த மழை மிச்ச வேலையைச் செய்தது.

"கடைசியா ஒரு தடவ போயிட்டு வருவோம். அந்த இடத்தப் பாதியில விட்டுட்டு வந்தா உனக்கே தூக்கம் வராது" என்று ஞாயிறு காலை அவனைக் கிளப்புவதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

காருக்குப் பக்கத்தில் மடக்கு நாற்காலியைப் போட்டு, குறுக்கெழுத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு பார்த்தாள். சங்கிலி வந்தது, நின்றது. கிளெம் தட்டைப் பின்னுக்கு இழுத்து மறுபடி வீசினான். தலை சாய்ந்தது. அவள் பேனா மூடியைக் கடித்தாள். அவன் மண்டியிட்டான்.

"நொல்! நொலீன்!"

முட்டி வலியோடு ஓடினாள். குழியின் மேல் இருவரும் நின்றார்கள். அவன் கண்ணில் தண்ணீர், அதை மண் கையால் துடைத்ததில் கன்னமெல்லாம் செம்மண்.

"கேட்டுச்சு நொல். தெளிவாக் கேட்டுச்சு. காது டாக்டரு காது டாக்டருன்னியே, இப்பச் சொல்லு."

"நான் என்னத்தச் சொல்ல" என்றாள்.

கிடைத்த துண்டை ஊருக்கு மண்ணோடுதான் காட்ட வேண்டும். கழுவிக் காட்டினால் கடையில் வாங்கியதா என்று கேட்பார்கள். கைக்குட்டையில் பொதிந்து நேரே பப்புக்குப் போனான். குழி தோண்டிய கதையை மூன்று தடவை சொன்னான். ஒவ்வொரு தடவையும் ஆழம் கொஞ்சம் கூடியது. பாஸ்கோ பீர் வாங்கிக் கொடுத்து, "ஆணி வியாபாரத்த வாபஸ் வாங்கிக்கிறேன்பா" என்றான். பிறகு துண்டை எடுத்துக் கட்டைவிரலால் மெல்ல உருட்டினான். விரலில் மண் ஒட்டியது. அதைக் கால்சட்டையில் துடைத்துவிட்டு நொலீனைப் பார்த்தான். ஒரே கடையில் வேலை பார்க்கிற இருவர், முதலாளி முதுகுக்குப் பின்னால் பார்த்துக்கொள்கிற மாதிரி ஒரு பார்வை.

"நல்ல துண்டு" என்று சொல்லிக் கிளெமிடமே கொடுத்தான்.

வீட்டுக்கு வந்ததும் நொலீன் கையை நீட்டினாள். "குடு, ஊறப்போடுறேன். நீ போய்க் குளி."

"இன்னிக்கு நான் பக்கத்துல நின்னு பாக்கப் போறேன்."

"பாக்க என்ன இருக்கு? ஒரு வாரம் ஆகும்."

"மேல் மண்ணு போறதையாச்சும் பாத்துக்கிறேன்."

அவன் குழாயைத் திறந்து, எவர்சில்வர் கிண்ணத்தைப் பிடித்து, துண்டை அவனே தண்ணீருக்கடியில் காட்டினான். மண் ஒரே மூச்சில் கரைந்து ஓடிற்று. அடியில் மஞ்சள். சந்துகளில் மஞ்சள், பொந்துகளில் மஞ்சள். நகைக்கடைக் கண்ணாடிக்குள் இருக்கிற மாதிரி, எங்கும் ஒரு பொட்டுத் துரு இல்லை.

கிளெம் அதைத் திருப்பினான். ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினான். கட்டைவிரல் நகத்தால் ஒரு பொந்தைச் சுரண்டிப் பார்த்தான். நகத்தில் ஒன்றும் வரவில்லை. பதினெட்டு வருஷமாக அவள் பிரஷும் ஊசியுமாக உட்கார்ந்திருப்பதை எதிர் நாற்காலியிலிருந்து பார்த்தவன்தானே.

அவன் கத்தியிருந்தால் அவளுக்குத் தாங்கியிருக்கும். அவன் துண்டைக் கிண்ணத்தில் மெதுவாக வைத்தான்.

"எங்க கெடச்சுச்சு?"

"உன் கோட்டுலதான். மூணாவது கோடு."

"நான் போனதுக்கு அப்புறமா?"

அவள் ஆமென்று தலையசைத்தாள்.

"மத்ததெல்லாம்?"

"ஐயோ, இது ஒண்ணுதான் கிளெம். இது ஒண்ணே ஒண்ணுதான்."

அதை அவள் பதறிச் சொன்னாள். பதறினால் குரல் மேலே ஏறிவிடும், அவன் காதுக்கு எட்டாது. குழாய் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, ஜன்னல் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் குழாயை மூடிவிட்டு எதிரே போய் நிற்பதற்குள் அவன் குப்பியைக் கையில் எடுத்திருந்தான். எடுத்த இடத்தில் தூசியில் ஒரு வட்டம்.

"செங்கல் சூளைக்குப் பின்னால" என்றான். "மூணாவது மரம். பாஸ்கோதானே எடம் சொன்னான்?"

நொலீன் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள். அடித்தொண்டையிலிருந்து, அவனுக்குக் கேட்கிற குரலில் சொல்வதற்குத் தயாராகத்தான் இருந்தாள். பப்பில் பாஸ்கோ கால்சட்டையில் விரலைத் துடைத்துவிட்டுப் பார்த்த பார்வை அப்போது நினைவுக்கு வந்தது. ஏணி கேட்டு வந்தவன். எந்த மரம் என்பதுவரை எண்ணிச் சொன்னவன்.

அவளுக்குத் தெரியாது. அந்த அரிசியளவு தங்கத்தை அன்றைக்கு அவள்தான் கழுவினாள். அது எவ்வளவு நேரம் பிடித்தது என்று எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை.

"சொல்லு நொல். அதுவும் வச்சதுதானா?"

கிளெம் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். அது அசைகிறதா என்று கவனமாகப் பார்த்தான். பிறகு குப்பியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பூட்ஸ் மண் தரையில் உதிர உதிர, பின்கதவைத் திறந்து வெளியே போனான்.